பூட்டிப் போகும் வீடு, ஒப்படைத்துப் போகும் வீடு

வீட்டை விட்டுக் கிளம்புவது சேலம், நாமக்கல் சமவெளிக்குப் புதிதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்களுக்குப் போனால் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பும். நாமக்கல் லாரி ஓட்டுநர் நோம்பிக்கு வீடு வந்து சேர்ந்தால் அந்த வீட்டில் நோம்பி இரட்டிப்பு. எடப்பாடியில் பருவதராஜகுலத்தார் தைப்பூசத்தை ஒட்டிக் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். பழனி மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை வழிவழியாக அவர்களுக்கு உண்டு.

ஆனால் ரிக் வண்டிக்காரர் போனபோது வீட்டில் மனைவி இருந்தார். லாரி போனபோது தாயும் தகப்பனும் இருந்தார்கள், கட்டுத்தரையில் மாடு இருந்தது. எடப்பாடிக் காவடியில் குடும்பத்தோடு நடப்பவர்கள் நிறைய உண்டு. என்றாலும் அது ஊரறிந்த பயணம், யார் போகிறார், எப்போது திரும்புவார் என்பது தெருவுக்கே தெரியும். புதிதாக வந்திருப்பது வேறொன்று. மே மாதம் பள்ளி விடுமுறையில் குடும்பம் மொத்தமும் ஒரே காரில் ஏறி மூணாறுக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பிவிட, நாலைந்து நாள் வீட்டில் ஒருவரும் இல்லாமல் இருப்பது. இதற்கு வீட்டை எப்படி ஆயத்தம் செய்வது என்பதற்கு நம் முன்னோர் வழக்கத்தில் நேரான விடை இல்லை. ஆகவே ஒவ்வொரு வீடும் தன் போக்கில் ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படி உருவான இரண்டு வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று சேலம் நகர வீடு. அழகாபுரத்திலோ ஜாகீர் அம்மாபாளையத்திலோ 1,200 சதுர அடி மனையில் கட்டியது. முன்னால் கேட், அடியில் சம்ப், மொட்டைமாடியில் சின்டெக்ஸ் டேங்க். மற்றொன்று ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடையே, கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காட்டுக்குள் இருக்கும் தோட்டத்து வீடு. இரண்டு கறவை மாடு, சில ஆடுகள், கோழி, ஒரு நாய், சோளத்தட்டுப் போர், கிணறு, அதற்குப் பக்கத்தில் ஓர் ஆழ்துளைக் கிணறு. இந்தப் பக்கத்து விவசாயிகள் பலர் ஊருக்குள் கூடி வாழாமல் அவரவர் கிணற்றை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டவர்கள். அதனால் அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலே அருகில் இருப்பதாகக் கணக்கு.

நகர வீட்டின் ஆயத்தம் என்பது ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வருவது. முதலில் பாலும் பேப்பரும். கேட்டில் செருகிய நாளிதழ்கள் நாலு சேர்ந்தால் வீட்டில் ஆளில்லை என்பதைத் தெரு முழுக்கச் சொல்லிவிடும். பிறகு கேஸ். ரெகுலேட்டரை மூடுவதோடு நில்லாமல் கழற்றி மூடி போட்டுவிட்டால் இன்னும் நல்லது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாது, தரையோடு படிந்து கிடக்கும். எனவே ஊரிலிருந்து திரும்பியதும் சுவிட்சில் கை வைக்காமல் முதலில் கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும். இது கிளம்பும் முன்பே வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டிய செய்தி. களைத்து வந்து இருட்டில் நுழைகிறவருக்கு அப்போது நினைவு வராது.

மின்சாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மெயினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை மறந்துவிடுவார்கள். மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து அது பேட்டரியிலிருந்து வீட்டுக்கு ஓட ஆரம்பிக்கும்; எங்காவது ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் போதும், திரும்பி வரும்போது பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும். மெயினை அணைத்தால் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். மெயினை அணைக்க மனமில்லாதவர்கள் டிவி, மோடம், ஏசி பிளக்குகளையாவது பிடுங்கிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து கருத்து வரும் கோடை மழை இடியோடுதான் இறங்கும்.

அடுத்தது தண்ணீர். நகரவாசியைக் கட்டிப்போடுவது உண்மையில் தண்ணீர்தான். மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் பல பகுதிகளில் தினமும் வருவதில்லை. முறை நாளில் ஊருக்குப் போனால் அந்த முறை போயிற்று. முறை நாளைப் பார்த்துத்தான் பல வீடுகளில் டிக்கெட்டே போடுகிறார்கள். போகும்முன் சம்ப் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டேங்க் மூடி காற்றுக்குப் பறக்காமல் இருக்கிறதா என்று மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். பயணம் கொஞ்சம் நீண்டாலே அந்தக் கணக்கு வந்துவிடும். பூந்தொட்டித் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, கொல்லையில் கவிழ்க்காத வாளி, பழைய டயர் எல்லாவற்றையும் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பாத்திரத்தின் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். நீண்ட பயணமென்றால் குளியலறைச் சாக்கடை வாயில் நிற்கும் தண்ணீர் வெயிலில் வற்றிவிடும். பிறகு அந்த வழியாகத்தான் நாற்றமும் கரப்பானும் வரும். கடைசியாக ஒரு குவளைத் தண்ணீரும் அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போனால் சீக்கிரம் வற்றாது.

கடைசியில் பூட்டு. கேட்டின் வெளிப்பக்கம் தொங்கும் பெரிய பூட்டு, பகலிலும் எரியும் போர்டிகோ விளக்கு, கோலம் விழாத வாசல். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எவருக்கும் விஷயம் விளங்கிவிடும்.

நகர வீட்டின் ஆயத்தம் இத்துடன் முடிந்தது. ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. வீட்டையே அணைத்து வைத்துவிட்டுப் போகிறோம்; போயிருக்கும் நாட்களில் அந்த வீடு எதுவும் செய்யத் தேவையில்லை.

தோட்டத்து வீட்டில் அணைக்கக்கூடியது மிகக் குறைவு. மாட்டை அணைக்க முடியாது. கோடையில் கறவை மாடு ஒன்று நாளைக்கு 60 லிட்டருக்கு மேலும் தண்ணீர் குடிக்கும். காலையும் மாலையும் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும். ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கட்டும். அது தொடர்ந்தால் மடிநோய். சொட்டுநீர்க் குழாயில் வளரும் குச்சிக்கிழங்குக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் ஓட வேண்டும். கோழியை இருட்டுவதற்குள் கூண்டில் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் போகும். எனவே இங்கே கேள்வி வேறு: என்னென்ன நிறுத்துவது என்பது கேள்வியே இல்லை, யார் கையில் விடுவது என்பதுதான் கேள்வி.

அதனால்தான் நகரத்தில் ஒரு சாயங்காலத்தில் முடியும் ஆயத்தம் தோட்டத்தில் மாதக்கணக்கில் நீள்கிறது. தேதியைக் குறிப்பதே மாட்டைக் கேட்டுத்தான். நிறைமாதச் சினையாக இருக்கும்போது போக முடியாது. ஆட்டுக்குட்டி விழும் பருவத்தில் போக முடியாது. ஆடிப்பட்டக் கடலை விதைப்பு நெருங்கினால் போக முடியாது. வெள்ளாமை இல்லாமல் மானாவாரிக் காடு கோடை உழவுக்குக் காத்துக் கிடக்கும் சித்திரை, வைகாசிதான் கிடைக்கும் இடைவெளி. அது பள்ளி விடுமுறையோடு பொருந்துவது ஒரு நல்ல தற்செயல்.

ஆள் கிடைத்தால் மட்டும் போதுமா? கை பழக வேண்டும். புது ஆள் மடியில் கை வைத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மாட்டின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, உடம்பின் வேலை அது. பாலை இறக்குவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். மாடு மிரண்டால் சுரக்கும் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே பக்கத்துக் காட்டுக்காரரை வரவழைத்து, வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு அவரைக் கறக்கச் சொல்வார்கள். புண்ணாக்கு எவ்வளவு, தவிடு எவ்வளவு, எந்த மாடு எந்தப் பக்கம் உதைக்கும், எந்த ஆடு வேலி தாண்டும், மோட்டார் ஸ்டார்ட்டர் எந்த நேரத்தில் மக்கர் செய்யும் எல்லாம் வாய்வழியாகக் கை மாறும். "ஏனுங்க மாமா, நாலு நாளைக்கு ஒரு எட்டு வந்து பாத்துக்கறீங்களா?" என்று கேட்பதற்குப் பின்னால் இத்தனை பாடம் இருக்கிறது. கேட்கப்பட்டவரும் "அதுக்கென்ன, போயிட்டு வாங்க" என்று சொல்வது இலவசமாக இல்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போகும்போது அவர் கட்டுத்தரை இவர் பொறுப்பு.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வீடுகளும் உண்டு. அம்மாபேட்டை, குகைப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாவு பாதியில் நிற்கும்போது ஒரு வாரம் பூட்டிப் போனால் எலி பார்த்துக்கொள்ளும். சேலையை நெய்து அறுத்த பிறகு கிளம்புவதே வழக்கம். நாமக்கல் கோழிப்பண்ணைக் குடும்பங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோழி முட்டையிடாமல் ஒரு நாள் லீவு எடுக்காது, அவர்களும் எடுப்பதில்லை.

மூடுவதிலும் வித்தியாசம் இருக்கிறது. நகர வீட்டில் அஞ்ச வேண்டியது கரப்பானும் கொசுவும் என்றால், தோட்டத்து வீட்டில் எலி; எலியைத் தேடி வரும் பாம்பு. தவசம் வைத்திருக்கும் அறை நாலு நாள் ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்தால் எலி குடியேறிவிடும். சலதாரை வாயைச் செங்கல்லாலும் துணியாலும் அடைக்க வேண்டும், கதவடியில் சாக்கைச் சுருட்டி வைக்க வேண்டும், வாசலோரம் விறகும் தேங்காய் மட்டையும் குவிந்திருந்தால் தள்ளிப் போட வேண்டும். திரும்பி வந்த இரவில் விளக்கைப் போட்டு, பாயையும் போர்வையையும் வெளியே எடுத்து உதறாமல் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அதன் கடி பல நேரம் வலிக்கவே செய்யாது, தூங்குகிறவருக்குத் தெரியாமலே போய்விடும்.

திருட்டு பயம் இரண்டு வீட்டுக்கும் பொது. வீடு புகுந்து திருடும் குற்றத்துக்கு, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 457, 380 பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 331, 305 பிரிவுகள். ஆனால் சட்டம் நடந்த பிறகு வருவது. நடக்காமல் தடுக்க இரண்டு வீடும் சொல்லும் அறிவுரை ஒன்றுக்கொன்று நேர் எதிர். நகரத்தில் "யாரிடமும் சொல்லாமல் போ" என்கிறார்கள். தோட்டத்தில் "சொல்லாமல் போய்விடாதே" என்கிறார்கள்.

இந்த இடத்தில் தோட்டத்து அறிவுரைதான் சரி என்பது என் முடிவு. நகரத்தார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூணாறு போய்ச் சேர்வதற்குள் குடும்பப் படத்தை ஸ்டேட்டஸில் போடுவது ஊரறிய அறிவிப்பதுதான். ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்து எதிர்வீட்டுக்காரரிடமும் சொல்லாமல் போனால், இரவு இரண்டு மணிக்கு அந்தக் கேட் திறக்கும் சத்தம் கேட்டாலும் அவர் "வந்துவிட்டார்கள் போல" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். சொல்லியிருந்தால் எழுந்து விளக்கைப் போடுவார். கேமரா கைபேசியில் படம் காட்டும். மூணாறில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பவரால் செய்ய முடிவதெல்லாம் யாருக்காவது போன் செய்வதுதான். அந்த 'யாராவது' இருக்கிறாரா என்பதே முக்கியம். தமிழ்நாடு காவல்துறை பண்டிகை, விடுமுறைக் காலங்களில் பூட்டிய வீட்டு விவரத்தை உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி தொடர்ந்து கேட்டு வருகிறது. ரோந்து போகிறவர் அந்தத் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போவார். இதைச் செய்கிறவர்கள் நகரத்திலும் குறைவு, தோட்டத்தில் இன்னும் குறைவு.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்தார் லாக்கரில் வைப்பார்கள். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீயாலோ கொள்ளையாலோ வங்கி ஊழியர் மோசடியாலோ இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கர் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். தோட்டத்துக் குடும்பங்களில் பலருடைய நகை ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனுக்கு இருக்கிறது. வட்டி ஒரு பக்கம் கட்டினாலும், வீட்டில் இல்லாத நகை திருடு போவதில்லை.

இதுவரை சொன்னதில் தோட்டத்து வழி எனக்கு உயர்வாகப் பட்டது. ஆனால் அந்த வழிக்குள் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஒப்படைக்க ஆட்கள் குறைந்து வருகிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் மகன் பெங்களூரில். அடுத்தவர் காட்டை விற்றுவிட்டார். பண்ணையத்தாள் கிடைப்பதில்லை. அப்போது குடும்பம் செய்வது என்ன? அப்பாரையும் ஆத்தாவையும் விட்டுவிட்டுக் கிளம்புகிறது. "எங்களுக்கு எதுக்குப்பா மலையும் குளிரும், நாங்க மாட்டைப் பாத்துக்கறோம், நீங்க குழந்தைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று அவர்களே சொல்வார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். ஆனால் எழுபது வயதுக்கு மேற்பட்ட இருவரை, கூப்பிடு தூரத்தில் வீடில்லாத காட்டில், இரவில் தனியே விடுகிறோம் என்பதை நாம் யோசிப்பதில்லை. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொலை செய்யப்பட்டார்கள். ஆறு மாதத்துக்குள், 2025 மே தொடக்கத்தில், சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. இரண்டும் காவிரிக்கு அந்தப் பக்கம் நடந்தவை. ஆனால் வீட்டின் அமைப்பும் வாழ்க்கை முறையும் இந்தப் பக்கத்தில் உள்ளவைதான். அந்தச் செய்திகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் காட்டு வீடுகளில் இருட்டிய பின் நாய் குலைத்தால் எழும் அச்சம் வேறு மாதிரியாகிவிட்டது.

நகர வீட்டில் திருடன் வந்தால் போவது பொருள். வயதானவர்களைக் காவலுக்கு வைத்த தோட்டத்து வீட்டில் பொருளோடு நிற்காமல் போகலாம். ஆகவே தோட்டத்து வீட்டார் நகரத்திடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம் இதுதான்: வீட்டைக் காப்பதற்காக மனிதரை அங்கே நிறுத்தாதீர்கள். நகையை அப்புறப்படுத்துங்கள், பணத்தை அப்புறப்படுத்துங்கள், தவசத்தைப் பூட்டுங்கள். மாட்டைப் பகலில் ஆள் வந்து பார்க்கட்டும், கறக்கட்டும், போகட்டும். கைபேசியிலிருந்து மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் இப்போது பல தோட்டங்களில் வந்துவிட்டது, குச்சிக்கிழங்குக்கு அது போதும். அப்பாரும் ஆத்தாவும் இரவில் அங்கே தனியாக இருக்க வேண்டாம். மலைக்குளிர் ஆகாது என்றால் அந்த நாலு நாள் மகள் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ இருக்கட்டும்.

சரி, அந்த ஆள் எங்கிருந்து வருவார்? இந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அழகாபுரத்து வீடு மே மாதம் பூட்டிக் கிடப்பதற்கு மூணாறு மட்டும் காரணமில்லை. பாதி நாள் அந்தக் குடும்பம் போயிருப்பது குழந்தைகளின் அப்புச்சி வீட்டுக்கு, அதாவது இதே சேந்தமங்கலத்துக் காட்டுக்கு. நகர வீடு காலியாகும் அதே நாளில் தோட்டத்து வீடு ஒரம்பரையால் நிரம்புகிறது. அங்கே இருக்கும், குழந்தைகளின் தாயுடைய அண்ணனும் அண்ணியும் வந்தவர்களுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்து, கிணற்றில் தங்கையின் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கி, மாலையில் மாட்டையும் கறக்கிறார்கள். வந்தவர்கள் ஓய்வெடுத்துத் திரும்புகிறார்கள். அண்ணனும் அண்ணியும் எங்கும் போவதில்லை. வருஷா வருஷம் விடுமுறை தங்கைக்கு, விருந்தோம்பல் அண்ணனுக்கு.

காட்டிலேயே பிறந்து வளர்ந்த தங்கைக்குப் பால் கறக்கத் தெரியும். அவள் கணவருக்குத் தெரியாவிட்டாலும் தட்டு வெட்டிப் போடவும் தொட்டியில் தண்ணீர் விடவும் கோழியை அடைக்கவும் முடியும். விடுமுறைக்கு வரும் குடும்பம் அந்த நாட்களில் நாலு நாளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், அப்பாரும் ஆத்தாவும் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் துணையாக இருப்பார்கள், வீட்டில் விளக்கு எரியும், அண்ணனும் அண்ணியும் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ராமேஸ்வரமோ கன்னியாகுமரியோ பார்த்துவிட்டு வருவார்கள். கேட்க அண்ணனுக்குக் கூச்சமாக இருக்கும். வந்த ஒரம்பரையிடம் வேலை சொல்வதா என்று தயங்குவார். தங்கைதான் முதலில் பேச வேண்டும், அதுவும் சித்திரை பிறப்பதற்கு முன்பே, டிக்கெட் கிடைக்கும் நேரத்தில். அப்படிப் பேசினால் அண்ணன் கிளம்புகிற நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அவள் காட்டுக்கு வந்துவிட வேண்டும். பழைய மாடு அவள் கையை மறந்திருக்கும். இப்போதிருக்கும் மாட்டின் மடியில் அவள் கை பட்டதே இல்லை.